முக்கோண முன்பிடி

மெர்ல் ஹூடாக் பேரிங் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஆய்வாளராக இருந்தார். அடுத்தவன் செய்து முடித்ததை அளந்து பார்த்து ஆகாது என்று சொல்வதுதான் வேலை. ஆகாத சரக்குக்கு ஒரு சிவப்புச் சீட்டு உண்டு. அதைக் கம்பியில் கோத்துக் கட்டிவிட்டால் அந்தத் தட்டு முழுவதும் காயலான் கடைக்குப் போகும். ஒருமுறை ஆட்கள் சேர்ந்து அவருடைய காரின் முன்கண்ணாடி முழுக்கச் சிவப்புச் சீட்டுகளை ஒட்டி வைத்தார்கள். மெர்ல் கோபப்படவில்லை. ஒவ்வொன்றையும் கிழியாமல் உரித்தெடுத்து, மறுநாள் அதே ஆட்களின் தட்டுகளில் கட்டினார். ஒஹையோவின் கிழக்கு ஓரத்தில், ஆற்று வளைவில் இருந்த பெல்நாப் என்ற அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. மெர்லே சொல்லிச் சிரிப்பார்.

2004இல் தொழிற்சாலை மூடியது. அதன் பிறகு அளந்து பார்க்க அவருக்கு வேறொன்று வேண்டியிருந்தது. வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் தூக்கித் திரிந்த குட்டைத் துப்பாக்கிகளான கார்பைன்களுக்கு நகல் செய்ய ஆரம்பித்தார். புதிதாகக் கடையில் கிடைக்கிற பாகங்களை மாட்டி, பார்வைக்கு அதுபோல் ஆக்குகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. மெர்ல் அந்த ரகம் இல்லை. 1969இல் துப்பாக்கித் தொழிற்சாலையை விட்டுப் போன கார்பைன் என்றால் அதன் திருகாணியும் 1969க்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பின்கட்டையின் பூச்சு, குழலின் முத்திரை, வாரின் தையல், இரும்பின் அந்தப் பழைய சாம்பல் நிறம் எல்லாம் அந்த வருஷத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். ஒரு சின்ன நெம்புகோலுக்காக டென்னசி வரை காரோட்டிப் போய்விட்டு, அது ஆறு மாதம் பிந்தியது என்று தெரிந்ததும் கையால் தொடாமலே திரும்பி வந்திருக்கிறார்.

போருக்கு அவர் போனதில்லை. பத்தொன்பது வயதில் மருத்துவச் சோதனைக்குப் போனபோது இடது காது கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டில் அவருடைய அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது: "பரவால்ல. உன்னால ஒரு பிரயோஜனம் உண்டுன்னா, அது அந்தச் செவிட்டுக் காதுக்குத்தான். அதைத் தூக்கிக்கிட்டுத் திரியறியே." அவரோடு படித்தவர்களில் இரண்டு பேர் பெட்டியில் வந்தார்கள். மெர்ல் அந்தச் சவ அடக்கங்களுக்குப் போனார், பின்வரிசையில் நின்றார், யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஆறியிருக்கும்.

மாவட்டக் கண்காட்சித் திடலில், மாடுகளைக் கட்டுகிற நீளக் கொட்டகையில் மாதம் ஒரு சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தை நடக்கும். அங்கே கஸ் பார்லோவின் மேஜைக்குப் பக்கத்தில் மெர்லுக்கு ஒரு மேஜை. கஸ் பழைய பாகங்கள் விற்பவர், பெரிய தொந்திக்காரர், முன்னாள் படைவீரர் மன்றத்தின் தலைவர். போர் நடந்த காலத்தில் அவர் ஜெர்மனியில் லாரிகளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் சீருடை சீருடைதானே. மெர்லை அவருக்குப் பிடிக்கும். மற்றவர்கள் செய்துகொண்டு வந்த கார்பைன்களை மெர்ல் குறை சொல்லிப் பிரித்தெறிவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒருமுறை ஒருவர், செத்துப்போன தன் அண்ணன் நினைவாகச் செய்தது என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மெர்ல் பதினொரு தப்புகளை வரிசையாகச் சொன்னார். பதினொன்றாவது தப்புக்கு அந்த மனிதர் கார்பைனைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் நிஜமாவே செத்தாரா, இல்ல அதுவும் ரீப்ளேஸ்மென்ட் பார்ட்டா?" என்று கஸ் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டார். கொட்டகை சிரித்தது.

2009 வசந்தத்தில்தான் ஓரின் டீட்ஸ் அந்த மேஜைக்கு வந்தார். ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். மனைவி போய்விட்டாள். மகள் ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதிகம் பேசாத மனிதர். மேஜையில் கிடந்த கார்பைனைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு எடுத்தார். அதைத் தோளுக்குக் கொண்டுபோகாமல் இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய்ப்பகுதியைத் தரையைப் பார்க்க வைத்தார்.

"அங்க எல்லை தாண்டிப் போற ரகசியக் குழுவுல இருந்தப்போ இதுமாதிரி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. ஹெலிகாப்டர்லருந்து கயிறு விட்டாங்க. ரெண்டு கையும் கயித்துக்கு வேணுமே, கீழ விட்டுட்டேன்" என்றார்.

மன்றத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்கப்போகிறார்கள். வியட்நாமுக்குப் போய்வந்த உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பொருள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற நால்வரிடமும் சட்டை, தொப்பி, பதக்கம் என்று ஏதேதோ இருக்கிறது. ஓரினிடம் ஒன்றுமில்லை. வந்த புதிதில் எல்லாவற்றையும் ஆற்றில் போட்டுவிட்டார். "சுடணும்னு இல்ல மெர்ல். பாக்க அதுமாதிரி இருந்தாப் போதும்" என்றார்.

"அதுமாதிரின்னு ஒண்ணு கிடையாதுங்க. அதுவா இருக்கணும், இல்லேன்னா குப்பை" என்றார் மெர்ல். "நீங்க வாங்க. உக்காந்து பேசுவோம். உங்களுது எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணித் தர்றேன்."

பதினான்கு மாதங்கள், வாரத்துக்கு ஒரு நாள், ஓரின் அந்த நிலவறைக்கு வந்தார். மெர்லின் மனைவி லோரீன் காபியும், முட்டைக்கோஸ் வதக்கிப் போட்ட நூடுல்ஸும் கொண்டுவந்து வைப்பாள். ஓரின் காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். மெர்ல் ஒரு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கேட்பார். பின்கட்டையில் பூச்சு பளபளப்பா, மங்கலா? வார் எந்த வளையத்தில் மாட்டியிருந்தது? தோட்டாப் பெட்டி இருபதா, முப்பதா?

ஓரினுக்குப் பாதி ஞாபகம் இல்லை. வாரைப் பற்றிக் கேட்டால், அது உரசுகிற சத்தம் கேட்காமலிருக்கத் துணி சுற்றிய ஆளைப் பற்றிச் சொல்வார். அந்த ஆள் எப்படி உட்கார்ந்து தூங்குவான், தூக்கத்தில் தங்கையின் பேரைச் சொல்வான் என்று போவார். பிறகு அவனுடைய கால் எங்கே கிடந்தது என்று சொல்வார். மெர்ல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். முடிந்ததும், "சரிங்க, வார் எந்த வளையத்துல?" என்பார்.

ஒரு விஷயம் மட்டும் ஓரினுக்குச் சந்தேகமில்லாமல் ஞாபகமிருந்தது. இடது கை பிடிக்கிற முன்பிடி முக்கோணமாக இருந்தது. முனையில் பச்சை டேப் சுற்றியிருந்தது.

"இருக்காதுங்க. குட்டைக் கார்பைன்ல முன்பிடி உருண்டைதான். முக்கோணம் நீள ரைஃபிளுக்கு" என்றார் மெர்ல்.

"என் கைக்குத் தெரியும் மெர்ல். மூணு மூலை. ஒரு மூலை எப்பவும் உள்ளங்கையில அழுத்திக்கிட்டே இருக்கும்."

"நீங்க தூக்குனது ரைஃபிளா இருக்கும்."

"இல்ல. குட்டைதான்."

அன்றிலிருந்து மெர்லுக்குத் தூக்கம் சரியில்லை. முப்பத்தோரு வருஷம் சரக்கு பார்த்த கண் அது. ஒரு பாகம் அளவில் இல்லையென்றால் தட்டையே கழித்துவிடும். அடுத்த சந்தையில் கஸ்ஸிடம் சொன்னார்.

கஸ் ஹாட் டாக் ரொட்டியை மென்றுகொண்டே கண்ணைச் சுருக்கினார். "ரகசியக் குழுவுல இருந்தேன்னு சொல்றவன்ல பாதிப் பேரு கேன்டீன்ல உருளைக்கிழங்கு உரிச்சவன்தான்யா. ராணுவத்துக்கு எழுதிக் கேளு. ஆவணம் வரும்."

மெர்ல் எழுதிக் கேட்டார். நான்கு மாதத்தில் ஒரு பக்கத் தாள் வந்தது. ஓரின் டீட்ஸ், வழங்கல் பிரிவு, கிடங்கு எழுத்தர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டிப் போன அந்தச் சின்னக் குழுக்களில் இருந்தவர்களுக்குக் காகிதத்தில் வேறொரு பிரிவைத்தான் காட்டியிருப்பார்கள் என்பது மெர்லுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சந்தைக்கு வருகிற கற்றுக்குட்டிகளுக்கு அவரே அதைச் சொல்லியிருக்கிறார்: காகிதத்தை நம்பாதே, இரும்பை நம்பு. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தபோது அது அவர் நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டார். போருக்குப் போகாத தனக்கு இவ்வளவு தெரிந்திருக்க, போனவன் ஒரு முன்பிடியின் வடிவத்தைத் தப்பாகச் சொல்கிறான். அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. நாற்பது வருஷத்தில் அப்படி ஒன்று இனித்ததில்லை.

ஓரினிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் வரச் சொன்னார். காபி கொடுத்தார். கார்பைனை முடித்தார். உள்ளே அடைத்து, சுடமுடியாதபடி செய்த சட்டகம். மற்றதெல்லாம் அந்தந்த வருஷத்து அசல். முன்பிடி உருண்டை. அதைப் பிடித்துவைக்கிற வளையத்துக்குப் பின்னால் பெட்டி பிரிக்காத புது ஸ்பிரிங் ஒன்றைப் போட்டார். அதை அழுத்தி முன்பிடியைக் கழற்ற மெர்லே மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளன்று தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து. வறுத்த கோழி, முட்டைக்கோஸ் சாலட், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. எண்பது பேர் இருப்பார்கள். கண்ணாடி அலமாரியை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு தட்டுகளில் பொருள்கள் இருந்தன. ஐந்தாவது காலி. ஓரின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மகள் ரோண்டாவோடு முன்மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

கஸ் மைக்கை மெர்லிடம் கொடுத்தார். மெர்ல் கார்பைனைத் துணியிலிருந்து எடுத்தார். கூடத்தில் வியப்போடு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அழகான வேலைதான். ஓரின் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் வாங்கினார். பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்து மறைந்தது.

"ரொம்ப நன்றி மெர்ல்" என்றார்.

"இருங்க ஓரின். அலமாரில வைக்கறதுக்கு முன்னாடி, இவங்களுக்கு ஒண்ணு காட்டுங்களேன். அங்க பத்து மாசம் ராத்திரி பகலா நீங்க கூடவே வச்சிருந்தது. அந்த முன்பிடியைக் கழட்டுங்க. தினமும் துடைச்சிருப்பீங்களே. கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம்."

ஓரின் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். கட்டை விரல்களை வளையத்தில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். கைகள் நடுங்க ஆரம்பித்தன. மைக் பக்கத்திலிருந்ததால் உலோகம் கிடுகிடுவென்று ஆடுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ, "எண்ணெய் போடுங்கப்பா!" என்றார்கள். சிரிப்பு. ஓரினின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல் நழுவி நகம் பிய்ந்தது. வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில் கொஞ்சம் ரத்தம்.

"வரல" என்றார்.

"வராது" என்றார் மெர்ல். அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவர் அப்போதுதான் மாறினார். "ஏன்னா இதை நீ தொட்டதே இல்ல. நீ கிடங்குல கணக்கு எழுதுனவன்." பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். தேதி, பிரிவு, வேலை. நிறுத்தி, தெளிவாக, தட்டில் சீட்டுக் கட்டுகிற மனிதனின் குரலில். "பதினாலு மாசம் என் வீட்ல உக்காந்து கதை சொன்ன. செத்தவன் கதையெல்லாம் சொன்ன. அது யாரு பெத்த பிள்ளைடா? எந்தப் புத்தகத்துலருந்து எடுத்த?"

ஓரின் கார்பைனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். சண்டை போடவில்லை. "அது முக்கோணமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மைக்கில் அது பாதிதான் விழுந்தது.

ரோண்டா எழுந்துவிட்டாள். "அவர் கை நாலு வருஷமா நடுங்குதுங்க! எல்லாருக்கும் தெரியுமே! யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். அலமாரியில் பொருள் வைத்திருந்த நால்வரும் தங்கள் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே போகும்போது, ஒரு மேஜையிலிருந்து கோழி எலும்பு ஒன்று அவர் முதுகில் வந்து விழுந்தது. எறிந்தது யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் லோரீன், "அவர் பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியலையே மெர்ல்" என்றாள்.

"பொய் சொல்றவன் அப்படித் தெரிய மாட்டான். அதான் பொய்."

அன்று மாலையே மெர்ல் எல்லாவற்றையும் எழுதி, நகல் செய்கிறவர்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் போட்டார். ஓரினின் படத்தையும் போட்டார். முந்நூற்று நாற்பது பதில்கள் வந்தன. மெர்லைப் புகழ்ந்தவர்கள் பாதி. ஓரினை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்னவர்கள் மீதி. மெர்ல் ஒவ்வொன்றையும் படித்து, தேதியில் தப்பு விட்டிருந்தவர்களைத் திருத்தினார்.

ஓரினின் தபால் பெட்டியில் யாரோ நாய் மலத்தை நிரப்பினார்கள். காலைச் சிற்றுண்டிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைகள் காலியாகும். மன்றத்தின் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் போட்டார் கஸ். ஓரின் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். செப்டம்பரில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. நவம்பரில் ஆஸ்பத்திரியில் இறந்தார். படையிலிருந்த ஊர்க்காரன் ஒருவன் இறந்தால் மன்றத்து ஆட்கள் ஏழு பேர் கல்லறையில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்வது வழக்கம். அந்த ஏழு பேரும் வரவில்லை. எழுத்தராக இருந்தாலும் படையிலிருந்தவர்தானே என்று அரசாங்கம் அனுப்பிய இரண்டு இளம் வீரர்கள் மட்டும் மூன்று மணி நேரம் காரோட்டி வந்து, கொடியை மடித்து, ரோண்டாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று மழை. லோரீன் மட்டும் மெர்லிடம் சொல்லாமல் போய் நின்றுவிட்டு வந்தாள்.

மறு மார்ச்சில் மொன்டானாவிலிருந்து மெர்லுக்கு ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவர் பெயர் லைல் பெர்காம். இணையப் பக்கத்தைத் தன் மருமகன் காட்டியதாக எழுதியிருந்தார். கடிதம் சுருக்கமானது.

"நானும் ஓரினும் ஒரே குழு. எட்டு முறை எல்லை தாண்டினோம். எங்கள் காகிதங்கள் எல்லாம் வேறு பிரிவின் பெயரில் இருந்தன. என்னுடையதில் ரொட்டி சுடுபவன் என்று இருக்கும். ஒரு முறை பாறையில் விழுந்து அவன் கார்பைனின் முன்பிடி நொறுங்கியது. மாற்று இல்லை. கிடங்கு மெக்கானிக் ஒரு நீள ரைஃபிளின் பிடியை ரம்பத்தால் அறுத்து மாட்டிக்கொடுத்தான். படம் வைத்திருக்கிறேன். என்னைச் சுமந்துகொண்டு நானூறு அடி ஓடியவன் அவன். அவனிடம் இதைக் காட்டி நீர் மன்னிப்புக் கேட்கும் வரை எனக்கு நிம்மதியில்லை. அவன் விலாசம் தரவும்."

ஓரின் இறந்தது லைலுக்குத் தெரியாது.

படத்தில், புல்லில் குந்தியிருந்தான் இருபத்திரண்டு வயது ஓரின். சட்டையில்லை. தொடையின் குறுக்கே குட்டைக் கார்பைன். முன்பிடி முக்கோணம். முனையில் டேப்.

மெர்ல் பூதக்கண்ணாடியை எடுத்தார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு லோரீனிடம் மட்டும் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். முதலில் வந்தது வருத்தமில்லை. சந்தோஷம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று. ரம்பம் போன தடம்கூடத் தெரிந்தது. சற்றுச் சாய்வாக அறுத்திருக்கிறான். அதை அளந்தார். படத்திலிருந்த தோட்டாப் பெட்டியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அறுத்த நீளத்தைக் கண்டுபிடித்தார். மூன்று பக்கம் குறிப்பெழுதினார். அதற்கப்புறம்தான் படத்திலிருந்த முகத்தைப் பார்த்தார்.

லோரீன் துணி துவைக்கக் கீழே வந்தபோது கடிதம் மேஜையில் கிடந்தது. நின்றபடியே படித்தாள்.

"ரோண்டாகிட்டச் சொன்னியா?"

"சொல்லணும்."

"எப்போ?"

"முடிச்சிட்டுச் சொல்றேன். வெறுங்கையோட போனா நல்லாருக்காது."

"என்னத்தை முடிச்சிட்டு?" என்றாள் லோரீன். பிறகு மேஜையின் மறுகோடியில், பிடிகருவியில் மாட்டி வைத்திருந்த நீள முக்கோணப் பிடியைப் பார்த்தாள். பக்கத்தில் ரம்பம். அவள் துணிக்கூடையை அங்கேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

ஏழு வாரம் ஆயிற்று. மொன்டானாவுக்கு அவர் பதில் போடவில்லை. முதல் இரண்டு பிடிகளை அறுத்து, சாய்வு சரியில்லை என்று எறிந்தார். மூன்றாவது சரியாக அமைந்தது. டேப்கூட அந்தக் காலத்துச் சுருளாகத் தேடி வாங்கினார். துணியில் சுற்றிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலுக்குப் போனார். பள்ளிக்கூட வளாகத்துக்குள் அப்படி ஒன்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது வாசலில்தான் ஞாபகம் வந்தது. அதைக் காரிலேயே வைத்துவிட்டு, படத்தையும் கடிதத்தையும் மட்டும் எடுத்துப் போனார்.

ரோண்டா தலையில் வலையோடு, ஈரக் கைகளோடு வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இது எப்போ வந்துச்சு?"

"மார்ச்சுல."

"இப்போ மே மாசம்."

"அதே மாதிரி ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருந்தேன் ரோண்டா. கார்ல இருக்கு. இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கு. உங்கப்பா சொன்னபடியே…"

"எங்கப்பா உங்க வீட்ல பதினாலு மாசம் காபி குடிச்சாரு" என்றாள் ரோண்டா. குரலை உயர்த்தவில்லை. "கப்பை ரெண்டு கையாலதான் பிடிப்பாரு. நீங்க எதிர்லதான உக்காந்திருப்பீங்க? பாக்கலையா?"

மெர்ல் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாத்தேன்" என்றார்.

"அது நடுங்கும்னு தெரிஞ்சுதான் கழட்டச் சொன்னீங்க."

"ஆமா."

"சரி." அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "படமும் கடிதமும் எனக்கு. மொன்டானாவுக்கு நான் எழுதிக்கிறேன். அந்த இரும்பை நீங்களே வச்சுக்குங்க. அன்னிக்கு எந்த மைக்ல பேசுனீங்களோ அதே மைக்ல, அதே ஆளுங்க முன்னாடி இதைச் சொல்லுங்க. மன்னிப்பு எங்கிட்ட வேணாம். நான் குடுக்கமாட்டேன். செத்தாலும் குடுக்கமாட்டேன். நீங்க சாகுறன்னிக்கும் குடுக்கமாட்டேன். புரியுதுங்களா? பசங்களுக்குச் சாப்பாடு போடணும், போங்க."

கதவைச் சாத்தவும் இல்லை. அவர் நிற்கும்போதே திரும்பி, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மெர்ல் அதைச் செய்தார். அந்த அளவுக்கு அவரை நாணயமானவர் என்று சொல்லலாம். ஆனால் அன்றைய எண்பது பேரை மறுபடி கூட்டுவது யாரால் முடியும்? நினைவு நாள் விருந்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று கஸ் சொல்லிவிட்டார். ஜூன் மாதக் கூட்டத்தில் பேச இடம் கொடுத்தார். பதினொரு பேர் வந்திருந்தார்கள். மைக் தேவைப்படவில்லை. மெர்ல் எழுந்து நின்று, படம் வந்ததை, கடிதத்தில் இருந்ததை, காகிதம் பொய்யென்று தனக்கு முன்பே தெரிந்திருந்ததை, புது ஸ்பிரிங் போட்டதை, எல்லாவற்றையும் சொன்னார். சாட்சிக்கு அந்தக் கார்பைனைக் கொண்டுபோய் மேஜையில் வைத்திருந்தார். தன்னை அடிப்பார்கள், அல்லது வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். போகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒருவர், "பாவம் ஓரின்" என்றார். இன்னொருவர் கார்பைனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் அவரிடமிருந்து வாங்கினார்.

"போனது போச்சுய்யா. நாம வேணும்னா செஞ்சோம்?" என்றார் கஸ். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முன்பிடியைத் தடவிப் பார்த்தார். "ஆமா, இந்தச் சாய்வு… அவன் அப்படியேதான் அறுத்திருந்தானா? படத்துல அளவு தெரியுதா? இது ஒருத்தன்கிட்டயும் இல்லையேய்யா! நீதான் முதல் ஆளு!"

வீட்டில் லோரீன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "சனிக்கிழமை நாலு பேரு வர்றாங்க" என்றார் கடைசியில். "அளவெடுத்துக்கிட்டுப் போக."

லோரீன் சனிக்கிழமைக்குள் ஈரி நகரத்திலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு பேரும் வந்தார்கள். காபி இல்லையா என்று கேட்டார்கள். மெர்ல் அவர்களுக்குச் சாய்வையும் நீளத்தையும் சொன்னார், ரம்பப் பல்லின் எண்ணிக்கையையும் சொன்னார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் உட்கார முடியவில்லை. லோரீன் பதினேழு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். எதற்குப் போனாள், எதற்கு வந்தாள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த முன்பிடிக்கு நகல் செய்கிறவர்கள் மத்தியில் ஒரு பெயர் வந்துவிட்டது. ஹூடாக் பிடி என்கிறார்கள். மெர்ல் இரண்டொரு தடவை, அது டீட்ஸுடையது என்று எழுதிப் பார்த்தார். யாரும் மாற்றவில்லை.

மன்ற அலமாரியில் ஐந்தாவது தட்டை அதற்குள் வேறொருவரின் பூட்ஸ் நிரப்பிவிட்டது. கீழ்த்தட்டின் ஓரத்தில் ஓரினுக்கு ஒரு சின்ன அட்டை வைத்தார்கள். பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. மெர்ல் கஸ்ஸிடம் மூன்று முறை போய்ச் சொன்னார். மூன்றாவது முறை கஸ் எரிச்சலோடு, "யாருய்யா அதைக் குனிஞ்சு படிக்கப் போறான்?" என்றார். ரோண்டா அந்தப் பக்கமே வந்ததில்லை. அட்டை அப்படியே இருக்கிறது.